மேக்ரோ படம் எடுக்கப் போகிறீர்களா? லென்ஸுக்கு முன் வெளிச்சத்தைப் பாருங்கள்

மேக்ரோ, அதாவது சின்னப் பொருளைக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கும் படம், எடுக்க ஆரம்பித்தபோது நான் செய்த முதல் தவறு, கையிலிருந்த பணம் முழுவதையும் ஒரு 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் போட்டதுதான். லென்ஸ் நல்ல லென்ஸ். ஆனால் கொல்லையில் இருந்த எருக்கஞ்செடியில் ஒரு பொறிவண்டை எடுக்கப் போனால், படம் ஒன்று கலங்கி வந்தது, இல்லாவிட்டால் கருத்து வந்தது. கேமராவின் தலையில் இருக்கும் குட்டி பிளாஷைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். லென்ஸின் நிழலே படத்தின் அடியில் பிறை மாதிரி விழுந்தது. வண்டின் முதுகில் கண்ணைக் குத்தும் ஒரு வெள்ளைப் பொட்டு. சில மாதம் கழித்து ஒரு சாதாரண பிளாஷும், டிவி வந்த அட்டைப்பெட்டியில் சுற்றியிருந்த வெள்ளை ஃபோம் தாளும் கிடைத்த பிறகுதான் அந்த லென்ஸ் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

அதனால் இங்கே வெளிச்சத்துக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது வீட்டுத் தோட்டமும் மொட்டைமாடித் தொட்டிகளும் அவற்றில் குடியிருக்கும் பூச்சிகளும். நகை, நாணயம், பூ எடுப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். அவை ஓடிவிடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு அடிஸ்கேலைப் படம் எடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், கையில் இருக்கும் லென்ஸ் எவ்வளவு பெரிதாக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். லென்ஸை அது ஃபோகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரத்துக்குக் கொண்டுவந்து, ஒரு அடிஸ்கேலை நேராக எடுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மி.மீ. தெரிகிறது என்று எண்ணுங்கள். சென்சாரின் அகலத்தை அந்த எண்ணால் வகுங்கள். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள நிக்கான், சோனி கேமராக்களில் ஏறக்குறைய 23.5 மி.மீ., கேனான் ஏபிஎஸ்-சியில் 22.3 மி.மீ. சோனி ஏபிஎஸ்-சியில் ஸ்கேல் 70 மி.மீ. அளவுக்குத் தெரிந்தால் உங்கள் உருப்பெருக்கம் ஏறக்குறைய 0.33. அதாவது மூன்றில் ஒரு பங்கு.

1:1 என்பது, பொருளின் நிஜ அளவும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் ஒன்றாக இருப்பது. பழைய ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு 23 மி.மீ. ஏபிஎஸ்-சி கேமராவில் 1:1-ல் எடுத்தால் அகலம் முழுவதையும் நாணயமே அடைத்துக்கொள்ளும், மேலும் கீழும் வெட்டுப்படும். ஜூம் லென்ஸ்களின் மேல் ‘மேக்ரோ’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பல லென்ஸ்களில் அதற்குப் பொருள் 1:3 அல்லது 1:4 மட்டுமே.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பது எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வண்ணத்துப்பூச்சிக்கு 0.3 முதல் 0.5 வரை போதும். தட்டானின் தலைக்கு 1 வேண்டும். சுவரில் தாவித் திரியும் 7 மி.மீ. குதிக்கும் சிலந்தி 1:1-ல் படத்தின் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது, அதற்கு 2 வரை போக வேண்டியிருக்கும். எறும்பின் முகத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டும். ஆனால் முதல் வருடத்திலேயே எறும்பின் முகத்துக்குப் போகாதீர்கள், வெறுத்துவிடும்.

வெளிச்சம் எங்கே போகிறது?

கிட்டப் போகப் போக மேக்ரோ லென்ஸ் வெளிச்சத்தைத் தின்னும். லென்ஸின் துளையான அப்பர்ச்சரின் அளவைச் சொல்வது எஃப் எண், எண் கூடினால் துளை சிறுக்கும். அந்த எஃப் எண்ணை உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் பெருக்கினால், உண்மையில் வேலை செய்யும் எஃப் எண் ஏறக்குறைய வந்துவிடும். எஃப்/8 வைத்து 1:1-ல் எடுத்தால் 8 × 2 = 16. இரண்டு ஸ்டாப் போய்விட்டது, வெளிச்சம் கால் பங்குதான் மிச்சம். 2:1-ல் அதே எஃப்/8, எஃப்/24 ஆகிவிடும். நிக்கான் கேமரா இந்த மாற்றத்தைத் திரையிலேயே காட்டும். 105 மி.மீ. எஃப்/2.8 விஆர் லென்ஸை மிகக் கிட்டக் கொண்டுபோனால் 2.8 என்பது 4.8 என்று மாறும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

சரி, அப்பர்ச்சரைத் திறந்துவிடலாமே என்றால், ஃபோகஸ் ஆழம் போய்விடும். ஃபுல் ஃப்ரேமில் 1:1, எஃப்/8 வைத்தால் தெளிவாகத் தெரியும் பகுதியின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு கலங்கும் என்று ஆள்படம் எடுப்பவர்கள் வருத்தப்படுவார்கள். இங்கே ஒரு கண் தெளிவாக இருந்தால் இன்னொரு கண் கலங்கிவிடும். அப்பர்ச்சரை முழுக்க மூடினாலும் வழியில்லை. எஃப்/16-ஐத் தாண்டினால், சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்கவே மொழுக்கென்று ஆகும். ஆகவே 1:1-ல் எஃப்/8 முதல் 11 வரை, 2:1-ல் எஃப்/5.6 முதல் 8 வரை என்று நின்றுகொள்ளுங்கள்.

அந்த அப்பர்ச்சரில், கை ஆடாத ஷட்டர் வேகத்தில், மர நிழலில் படம் எடுக்க, சென்சாரின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ எங்கேயோ ஏற வேண்டும். பிளாஷ் வேண்டும் என்று சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

லென்ஸ்: நான்கு வழிகள்

மலிவான வழி ரிவர்ஸ் ரிங். லென்ஸைத் திருப்பி மாட்டும் ஓர் உலோக வளையம். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறக்குறைய 1:1 கிடைக்கும். 28 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் இரண்டு மடங்குக்கு அருகில் போகலாம். குவியத்தூரம் குறையக் குறைய உருப்பெருக்கம் கூடும் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும், லென்ஸே தலைகீழாகத்தானே இருக்கிறது. இதற்கு அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய ஃபிலிம் காலத்து லென்ஸ்தான் சரி. வளையம் இல்லாத லென்ஸைத் திருப்பினால் கேமராவோடு தொடர்பு அறுந்துபோய் அப்பர்ச்சரை மாற்ற முடியாமல் நிற்பீர்கள். பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரமும் மாறவே மாறாது. வேண்டிய அளவுக்குக் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்துவது ஒன்றே வழி.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் டியூப். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்றுக் குழாய், லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி நிறுத்துகிறது. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம். 50 மி.மீ. லென்ஸில் 36 மி.மீ. டியூப் போட்டால் 0.72 கூடும். 200 மி.மீ. லென்ஸில் அதே டியூப் 0.18 மட்டுமே. ஆகவே டியூப் 50 மி.மீ. பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) வைத்திருப்பவருக்கு உரியது. வாங்கினால் மின்தொடர்புப் புள்ளிகள் உள்ளதை வாங்குங்கள்.

என்னிடம் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது மூன்றாவது வழியை: டெலி ஜூமின் முன்னால் மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ். 55-250, 70-300 போன்ற ஜூம் ஏற்கெனவே பலரிடம் இருக்கும். அதன் முன்னால் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற சின்ன லென்ஸைக் கிளிப் போலக் கவ்வ வைக்கலாம். அதன் வலிமை 8 டயாப்டர், குவியத்தூரம் 125 மி.மீ. ஜூமை முடிவிலியில் ஃபோகஸ் செய்து வைத்தால், ஜூமின் குவியத்தூரத்தை 125-ஆல் வகுத்ததே உருப்பெருக்கம். 250 மி.மீ.யில் சரியாக 2. ஜூமைப் பின்னுக்கு இழுத்து 125-க்குக் கொண்டுவந்தால் 1. இதில் எனக்குப் பிடித்தது, ஜூம் எங்கே இருந்தாலும் பூச்சிக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 12 செ.மீ.யிலேயே நிற்பது. வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது இதன் அருமை தெரியும். இரண்டு மடங்கு ஆரம்பத்திலேயே பயமாக இருந்தால் 4.8 டயாப்டர் உள்ள டிசிஆர்-150 கொஞ்சம் சாதுவானது.

குளோஸ்-அப் லென்ஸில் நான் முன்பு சொன்ன வெளிச்ச இழப்பு இல்லை. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்த அளவுக்கு ஆழமும் குறைந்திருக்கும். அதனால் இதில் எஃப்/11 முதல் 16 வரை தாராளமாக மூடலாம். +1, +2, +4, +10 என்று நான்கு சேர்த்து விற்கும் ஒற்றைக் கண்ணாடி ஃபில்டர் செட்டுகளைத் தொடாதீர்கள். ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையும் வழியும்.

நான்காவதுதான் உண்மையான மேக்ரோ லென்ஸ். இங்கே பார்க்க வேண்டியது குவியத்தூரத்தைவிட, 1:1-ல் லென்ஸின் மூக்குக்கும் பூச்சிக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை. கடைக்காரர் சொல்லும் ‘மினிமம் ஃபோகஸ் தூரம்’ சென்சாரிலிருந்து அளந்தது. அதில் லென்ஸின் நீளமும் அடக்கம். நிக்கானின் 40 மி.மீ. லென்ஸில் அது 16 செ.மீ. சொச்சம் என்பார்கள். ஆனால் லென்ஸின் முன்னால் மிஞ்சுவது நாலு விரல் அகலத்துக்கும் குறைவு. பூச்சி பறந்துவிடும், பறக்காவிட்டாலும் லென்ஸின் நிழல் அதன் மேல் விழும். கேனானின் 60 மி.மீ. லென்ஸில் 9 செ.மீ. அளவுக்கு இடம் இருக்கும், 100 மி.மீ.யில் ஏறக்குறைய 14 செ.மீ. பூச்சிக்கு 90 முதல் 105 வரைதான் சரி. டாம்ரானின் 90, கேனானின் 100, நிக்கான், சிக்மா இரண்டிலும் 105 என்று எல்லாரும் இந்த இடத்தில் வந்து நிற்பது சும்மா இல்லை. கூர்மையில் இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் உண்டு. கை நடுக்கம் அந்த வித்தியாசத்தை எல்லாம் அழித்துவிடும். பழைய லென்ஸ் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், மேக்ரோவில் ஆட்டோஃபோகஸை நாம் பெரும்பாலும் அணைத்துத்தான் வைப்போம்.

பிளாஷ்

தனி பிளாஷ் ஒன்று வேண்டும். பெரியது, விலை உயர்ந்தது வேண்டாம். கேமராவே பவரைக் கணக்கிடும் டிடிஎல் வசதி இல்லாத, கையால் பவர் வைக்கும் கோடாக்ஸ் டிடி600 போன்றதே போதும். பூச்சிக்கும் பிளாஷுக்கும் உள்ள தூரம் மேக்ரோவில் பெரிதாக மாறுவதில்லை. ஒருமுறை பவரைச் சரியாக வைத்துவிட்டால் நாள் முழுக்க அதே பவர் ஓடும். ஃபிலிம் காலத்துப் பழைய பிளாஷ் பரணில் இருந்தால் அப்படியே மாட்டிவிடாதீர்கள். சிலவற்றில் டிரிகர் மின்னழுத்தம் மிக அதிகம், டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட்டைப் பாழாக்கிவிடும்.

பிளாஷ் வெளிச்சத்தைக் கொடுப்பதோடு அசைவையும் உறைய வைக்கிறது. பல பிளாஷ்களில் 1/16 பவரில் வெளிச்சம் மின்னி அணையும் நேரம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். கேமராவில் ஷட்டர் 1/200 என்று இருந்தாலும் படம் பதிவாவது அந்தக் கண நேரத்தில்தான், சுற்றுவெளிச்சம் குறுக்கே வராத வரையில். பவர் குறையக் குறைய அசைவு நன்றாக உறையும், பேட்டரியும் நிற்கும், அடுத்த மின்னலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஹை ஸ்பீட் சிங்க் என்ற வசதியை மட்டும் போடாதீர்கள். அதில் பவர் வீணாகும், இந்த உறையவைக்கும் குணமும் போய்விடும்.

ரிங் லைட் வாங்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். மலிவான எல்இடி ரிங் லைட்டுகளில் பலம் போதாது. ரிங் பிளாஷில் பலம் உண்டு, ஆனால் எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் விழுந்து பூச்சி தட்டையாகிவிடும், கண்ணில் வளையல் மாதிரி ஒரு பிரதிபலிப்பும் ஒட்டிக்கொள்ளும். பல் டாக்டருக்கு அது சரி.

டிஃப்யூசரை நீங்களே செய்யுங்கள்

டிஃப்யூசர் என்பது பிளாஷின் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் மறைப்பு. முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் மென்மையாக விழுமா, குத்துமா என்பதைத் தீர்மானிப்பது, பூச்சியின் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது. 15 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் தாளை 10 செ.மீ. தூரத்தில் பிடித்தால் எறும்புக்கு அது மேகம் மூடிய வானம். அதே தாளை ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தால் தெருவிளக்கு. வண்டின் முதுகு வெயிலில் நிறுத்திய புது பைக் டேங்க் மாதிரிப் பளபளப்பானது, எதிரில் இருப்பதை அப்படியே காட்டும். சின்ன வயதில் தீப்பெட்டியில் வைத்திருந்த பொன்வண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சையைக் கொண்டுவர முடிவது பெரிய, மெல்லிய வெளிச்சத்தில்தான்.

செய்முறை இது. கெட்டியான சார்ட் அட்டையைச் சுருட்டி, பிளாஷின் தலையிலிருந்து லென்ஸின் நுனி வரை வரும்படி ஒரு சுரங்கம் செய்யுங்கள். 20 முதல் 25 செ.மீ. நீளம் இருக்கலாம், முன்பக்கம் அகன்று போகட்டும். சிப்ஸ் வரும் நீளமான டப்பாவை வெட்டியும் செய்யலாம். உள்ளே அலுமினியம் ஃபாயில் ஒட்டுங்கள், வெளிச்சம் வழியில் வீணாகாது. பிளாஷ் முகத்தை ஒட்டி டிரேசிங் பேப்பர் ஒரு அடுக்கு. அங்கிருந்து நாலைந்து செ.மீ.யாவது இடைவெளி விட்டு, சுரங்கத்தின் வாயில் வெள்ளை பேக்கிங் ஃபோம். இந்த இடைவெளியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு அடுக்கையும் ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும் சுள்ளென்று எரியும், ஓரம் இருட்டாக இருக்கும். கடைசி ஃபோம் தாளை விறைப்பாக இழுத்துக் கட்டாமல், லென்ஸின் மேல் வளைந்து பூச்சியை நோக்கிக் கவிழும்படி விடுங்கள், குடை மாதிரி. லென்ஸின் அடிப்பக்கம் ஒரு வெள்ளை அட்டைத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் பூச்சியின் வயிற்றுக்கும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். எல்லாவற்றையும் ரப்பர் பேண்டும் வெல்க்ரோவும் பிடித்துக்கொள்ளும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். என்னுடையதைப் பார்த்துத் தெருவில் ஒரு பையன், “அண்ணா, இது என்ன புனலா?” என்று கேட்டான்.

சோதனைக்குப் பூச்சியைத் தேடி அலைய வேண்டாம், ஒரு குன்றிமணி போதும். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைத்தது போக மிச்சம் வீட்டில் கிடக்கும். சிவப்பும் கறுப்புமாக, வழுவழுப்பாக, வண்டின் அளவிலேயே இருக்கும். கொடிய விஷமுள்ள விதை, குழந்தைகள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஒரு இலையின் மேல் வைத்து எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, அதில் தெரியும் வெள்ளைப் பிரதிபலிப்பைப் பாருங்கள். சின்னதாக, விளிம்பு வெட்டினாற்போல் இருந்தால் டிஃப்யூசர் போதவில்லை, பெரிதாக்குங்கள் அல்லது கிட்டக் கொண்டுவாருங்கள். நடுவில் பளிச்சென்று, ஓரத்தில் மங்கலாக இருந்தால் இடைவெளி போதவில்லை. கறுப்புப் பகுதியில்கூட அகலமாக, விளிம்பு கரைந்து போகிற வெள்ளையாகத் தெரிந்தால் சரி. நான் ஐந்தாவது டிஃப்யூசரில்தான் அந்த இடத்துக்கு வந்தேன்.

கேமராவில் என்ன வைப்பது

மேனுவல் மோட். ஷட்டர் 1/200, உங்கள் கேமராவின் சிங்க் வேகம் (பிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) அதைவிடக் குறைவு என்றால் 1/160. மேக்ரோ லென்ஸ் என்றால் எஃப்/11. ஐஎஸ்ஓ 200. வெள்ளைச் சமநிலை பிளாஷ். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு.

முதலில் பிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். ஏறக்குறைய முழுக் கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால் உங்கள் படத்தில் இருக்கும் ஒரே வெளிச்சம் பிளாஷ், கை நடுக்கம் பதியாது. உச்சி வெயிலில் கறுப்பாக வராது. அப்போது எடுத்தால் பிளாஷ் உருவத்தோடு வெயிலின் மங்கலான இரண்டாம் உருவமும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் உடம்பாலேயே நிழல் கட்டுங்கள், அல்லது கூட வந்தவரைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பிளாஷை 1/16-ல் போட்டு எடுத்துப் பாருங்கள். போதவில்லையென்றால் 1/8. அதற்கும் மேல் தேவைப்பட்டால் பவரை ஏற்றாமல் ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள். படத்தில் நுண்புள்ளிகள் (நாய்ஸ்) கொஞ்சம் கூடினால் கெட்டுப்போகாது.

முதல் நாள் படங்களில் பின்னணி எல்லாம் கறுப்பாக வரும். பகலில் எடுத்த படம் நடுநிசி மாதிரி இருக்கும். காரணம் எளிது. டிஃப்யூசரிலிருந்து பூச்சி 10 செ.மீ.யில் இருக்கிறது, பின்னாலிருக்கும் இலை 40 செ.மீ.யில் இருக்கிறது என்றால், அந்த இலைக்குப் போகும் வெளிச்சம் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குதான். இலை 20 செ.மீ.யில் இருந்தால் கால் பங்கு கிடைக்கும், நிறம் தெரியும். ஆகவே பின்னால் செடி நெருக்கமாக இருக்கும் கோணத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இடக்கையில் ஒரு பெரிய இலையைப் பின்னால் பிடியுங்கள். நான் பழுத்த பூவரச இலை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றுவேன், அதன் மஞ்சள் நன்றாக வரும்.

செடிக்குப் பக்கத்தில்

விடியற்காலை போங்கள். குளிரில் பூச்சிகள் மந்தமாக இருக்கும், தட்டான்கள் இறக்கையில் பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். மார்கழிக் காலை இதற்கென்றே வந்தது. எருக்கு ஒன்று பக்கத்தில் இருந்தால் தூரப் போக வேண்டாம். மஞ்சள் அசுவினி, அதைத் தின்னும் பொறிவண்டு, அசுவினியைக் காக்கும் எறும்பு, வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு என்று ஒரே செடியில் ஒரு ஊரே இருக்கும். கறிவேப்பிலையையும் திருப்பிப் பாருங்கள். முருங்கையில் கம்பளிப்பூச்சிக் கூட்டம் இருந்தால் மட்டும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்த இடத்தில் அதை வைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். இடக்கை விரல்களால் செடியின் தண்டைப் பிடித்து, லென்ஸை அதே கையின் மேல் வைத்துக்கொண்டால் காற்றில் செடி ஆடினாலும் நீங்களும் அதோடு சேர்ந்து ஆடுவீர்கள். டிரைபாடைவிட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. பூச்சியின் உடம்பு சென்சாருக்கு இணையாக இருக்கும் கோணத்தைப் பிடித்தால், கிடைக்கும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நிறைய அடங்கும். பத்து, இருபது படங்களை அடுக்கி ஒட்டும் ஸ்டாக்கிங் பிறகு கற்றுக்கொள்ளலாம், ஒரே படத்தில் வெளிச்சம் சரியாக வந்த பிறகு.

பிளாஷ் வாங்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். மேகம் மூடிய நாளில் அசையாத பூவையும் கூட்டுப்புழுவையும் டிரைபாடில் வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு எடுங்கள். ஜன்னலோரம் வைத்த நாணயம்கூட நல்ல பயிற்சி, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாள் நிறுத்தினால் போதும்.

பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மயங்கவைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கால்கள் ஒழுங்கில்லாமல் மடங்கி, உணர்கொம்பு தொங்கி இருக்கும். உயிரோடு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பூச்சிதான் படத்துக்கு நல்லது. அது போய்விட்டால் அடுத்த இலையில் இன்னொன்று இருக்கும்.